கட்டணமா, இழப்பீடா, தண்டமா?

பணம் கொடுப்பதைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு சேவையைப் பெற்றுக்கொண்டு அதற்காகக் கொடுப்பது கட்டணம். நம்முடைய செயலால் இன்னொருவருக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்யக் கொடுப்பது இழப்பீடு. இவ்விரண்டிலும் சேராமல், கேட்பவர் வலியவர் என்பதாலோ, மறுத்தால் தொல்லை நீளும் என்பதாலோ கொடுத்துத் தொலைப்பது தண்டம். தண்டனை என்ற பொருளும் வீண் என்ற பொருளும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் பிராட்பேண்ட் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னவருக்கு வந்துசேரும் கடைசி பில்லைப் படிக்கும்போது அவ்விரு பொருளும் ஒருசேரத் துலங்குகின்றன.

(பிராட்பேண்டுக்கு அகலப்பாட்டை, அகலப்பட்டை, அகண்ட அலைவரிசை எனப் பல சொற்கள் ஆக்கிப் பார்த்தாகிவிட்டது. பில் போடுகிறவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே இங்கே வைத்துக்கொள்கிறோம். வழக்கு அவரோடுதானே.)

ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ‘ரத்துக் கட்டணம்’, ‘முன்விலகல் கட்டணம்’ என்ற பெயர்களில் கேட்கப்படும் தொகையைப் பற்றியே பேச விரும்புகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் பார்வையில் இது முதலும் முடிவுமாக வாசிப்புச் சிக்கல். ஒரு பிரதியை எழுதியவர் ஒருவர், அதைப் படிக்காமலே கையெழுத்திட்டவர் இன்னொருவர், அதற்குப் பொருள் சொல்லும் உரிமையோ எழுதியவரிடம் மட்டும். இத்தகைய பிரதியை எதிர்கொள்ள வாசகர்களுக்குத் தெரியாதென்றால் வேறு யாருக்குத் தெரியும்?

முதலில் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்துவிடுவோம். ஒரு வீட்டுக்குக் கம்பி இழுக்க ஆள் வருகிறார், மாடியிலிருந்து ஜன்னல் வரை கேபிள் போடுகிறார், ரௌட்டர் ஒன்றைக் கொடுக்கிறார். இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அச்செலவை முதல் நாளே கேட்டால் வாடிக்கையாளர் தயங்குவார். எனவே நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லி, ‘ஓராண்டாவது இருங்கள்’ என்று நிபந்தனை வைக்கிறது. மாதச் சந்தாவில் அச்செலவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். நான்காம் மாதத்தில் ஒருவர் விலகினால் கரையாமல் மிஞ்சிய பகுதியைக் கேட்பது நியாயம். திருப்பித் தராத ரௌட்டருக்கு விலை கேட்பதும் நியாயம். இவற்றோடு எங்களுக்குப் பிணக்கில்லை. எதற்கெடுத்தாலும் ‘கார்ப்பரேட் கொள்ளை’ என்று எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எழுதி, உண்மையான கொள்ளை நடக்கும் இடத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

ஓராண்டு முடிந்துவிட்டால் கணக்கும் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு இணைப்பு மாதத்துக்கு மாதம் நீள்கிறது. அந்நிலையில் விலகுபவர் எதையும் மீறவில்லை. பதின்மூன்றாம் மாதத்திலோ இருபத்தோராம் மாதத்திலோ ‘முன்விலகல்’ என்ற சொல்லுக்கு எங்கே இடம்? எதற்கு முன்?

எங்கள் வாசகர் வட்டத்துக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மதுரையில் மாதக் கூட்டங்களுக்காக ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். வெளியூர் எழுத்தாளர்களைத் திரையில் அழைத்துப் பேசவைக்க 2023 ஏப்ரலில் ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பன்னிரண்டு மாதக் கட்டாயக் காலம், 1,000 ரூபாய் வைப்புத்தொகை. 2024 ஏப்ரலில் அக்காலம் முடிந்தது. மாதாமாதம் பணம் கட்டித் தொடர்ந்தோம். 2025 ஜனவரியில் வீட்டுக்காரருக்கு அறை தேவைப்பட்டதால் காலிசெய்தோம். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, ரௌட்டரை அவர்களுடைய அலுவலகத்திலேயே ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டும் பெற்றோம். பத்து நாளில் பில் வந்தது. முன்விலகல் கட்டணம் 2,000. முன்பு தள்ளுபடி செய்த நிறுவுதல் கட்டணம் 1,000. அவற்றின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 540, ஆக மொத்தம் 3,540 ரூபாய். வைப்புத்தொகையைக் கழித்துக்கொண்டதுபோக 2,540 ரூபாய் உடனே செலுத்த வேண்டுமாம்.

காரணம் கேட்டோம். 2024 ஜூலையில் எங்கள் இணைப்பின் வேகம் கூட்டப்பட்டதாம். அன்றே புதிய பன்னிரண்டு மாதக் கட்டாயக் காலம் தொடங்கிவிட்டதாம்.

வேகம் கூடியது உண்மைதான். ஒரு நாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, ‘சார், அதே கட்டணத்தில் ஸ்பீடு அதிகமாகிறது, உங்களுக்கு எந்த சார்ஜும் இல்லை’ என்று சொன்னார். இணைப்பு யார் பெயரில் இருந்ததோ அந்த மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ‘நல்லதம்மா’ என்றார். நிறுவனத்தின் கணக்கில் இந்த ஒற்றைச் சொல் ஓராண்டு ஒப்பந்தமாகிவிட்டது. புதிய கட்டாயக் காலம் பற்றி அந்த அழைப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. உரையாடலின் ஒலிப்பதிவைக் கேட்டோம். ‘பயிற்சிக்காகவும் தரத்துக்காகவும்’ எல்லா அழைப்புகளையும் பதிவுசெய்வதாகச் சொல்லும் நிறுவனத்திடம் இந்த ஓர் அழைப்பின் பதிவு மட்டும் கிடைக்கவில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த இடத்தில் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. ஒருவர் முன்வைத்ததை மற்றவர் அறிந்து இசைந்தால்தான் அது ஒப்பந்தமாகும். முன்வைக்கப்படாத ஒன்றுக்கு எவரும் இசைய முடியாது. அடுத்து 74ஆம் பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகையை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாலும், அத்தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. அதற்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். அதாவது எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, உரிமைத்தொகை அன்று. ஆங்கிலச் சட்டம் தண்டத்தொகை வேறு, முன்னரே மதிப்பிட்ட இழப்பீடு வேறு என்று நெடுங்காலம் இழைபிரித்துக்கொண்டிருந்தது. இந்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு ‘நியாயமான இழப்பீடு’ என்ற ஒற்றை அளவுகோலை வைத்தது. 1963இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிசெய்தது.

2015இல் வந்த ஒரு தீர்ப்பு இன்னும் சுவையானது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் ஒரு மனையை ஏலம் விட்டது. கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் 3.12 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்து, நான்கில் ஒரு பங்கான 78 லட்சத்தைக் கட்டியது. மீதிப் பணம் கட்டுவதில் இழுபறி ஏற்பட்டு ஆண்டுகள் ஓடின. ஆணையம் அந்த 78 லட்சத்தைப் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையை 1994இல் மறு ஏலம் விட்டு 11.78 கோடி பெற்றது. உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி எளிமையானது. மூன்று மடங்குக்கும் மேல் விலை கிடைத்த பிறகு உங்களுக்கு என்ன இழப்பு? இழப்பை மெய்ப்பிக்க முடிகிற இடத்தில் மெய்ப்பித்தாக வேண்டும், இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீட்டுக்கு இடமில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 78 லட்சத்துக்குப் பொருந்தும் நியாயம் 2,000 ரூபாய்க்கும் பொருந்தும். எங்கள் வேகத்தைக் கூட்டியதற்காக நிறுவனம் புதுக் கம்பி இழுக்கவில்லை, புது ரௌட்டர் தரவில்லை. அலுவலகக் கணினியில் ஓர் எண்ணை மாற்றினார்கள். அந்த எண்ணுக்கு ஏற்பட்ட இழப்பு என்ன என்று கேட்டு எழுதினோம். பதிலில்லை.

ஜி.எஸ்.டி. என்ற அந்த 540 ரூபாய் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒப்பந்தத்தை மீறியதால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய மட்டுமே கொடுக்கப்படும் தொகை எந்தச் சேவைக்குமான விலை ஆகாது, அதன் மேல் வரி கிடையாது என்கிறது அது. மாறாக, முன்கூட்டியே விலக அனுமதிப்பதற்காக வாங்கும் தொகை சேவையோடு சேர்ந்தது, அதற்கு வரி உண்டு. ஆக, பில்லில் வரியைச் சேர்த்த கையோடு நிறுவனமே ஒப்புக்கொண்டுவிடுகிறது: இது இழப்பீடு அன்று, கட்டணம். சரி, எந்தச் சேவைக்கான கட்டணம்? முன்கூட்டியே விலக அனுமதித்த சேவைக்கு. ஆனால் காலக்கெடு முடிந்து ஒன்பது மாதம் ஆனவருக்கு விலக அனுமதி எதற்கு? இழப்பீடும் இல்லை, கட்டணமும் இல்லை என்றால் முதற்பத்தியில் சொன்ன மூன்றாவது சொல்தான் மிஞ்சுகிறது.

இனி பிரதியின் கதை. எங்கள் கடிதத்துக்கு நிறுவனம் அனுப்பிய முதல் பதில், ‘எங்கள் இணையதளத்திலுள்ள விதிமுறைகள் மற்றும் நிபந்தனைகளின்படி’ என்று தொடங்கியது. எந்தப் பிரிவின்படி என்று கேட்டோம். ஒரு பிரிவு எண்ணைத் தந்தார்கள். திட்டத்தில் எந்த மாற்றம் நேர்ந்தாலும் கட்டாயக் காலம் புதிதாகத் தொடங்கும் என்று அதில் இருந்தது. ஆனால் 2023இல் நாங்கள் சேர்ந்தபோது இறக்கி வைத்திருந்த படியில் அந்த எண்ணில் வேறு செய்தி இருந்தது, கட்டாயக் காலம் புதுப்பிக்கப்படுவது பற்றி எங்குமே இல்லை. உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களை அடிக்குறிப்பில் ஏற்றியபோது, செல்லரித்தும் ஏடெழுதினோர் கைப்பிழையாலும் வந்த வேறுபாடுகளோடு போராடினார். இங்கே ஆசிரியரே உயிரோடு இருந்து, நள்ளிரவில் பாடத்தை மாற்றி, பழைய படியை அழித்துவிட்டு, ‘என்றும் இப்படித்தான் இருந்தது’ என்கிறார். ‘விதிமுறைகள் அவ்வப்போது மாற்றத்துக்கு உட்பட்டவை’ என்ற ஒற்றை வரி இதற்கெல்லாம் கதவு திறந்துவிடுகிறது. மாற்றும் உரிமை ஒருவருக்கு, மாறியதை அறியும் கடமை மற்றவருக்கு.

பேரம் பேசும் வலிமையில் சமமில்லாதவர்களிடையே, புள்ளிக்கோட்டில் கையெழுத்திடுவது தவிர வேறு வழியே இல்லாத அச்சிட்ட படிவங்களில் இருக்கும் நியாயமற்ற நிபந்தனைகளுக்கு நீதிமன்றம் உயிர்கொடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1986லேயே சொல்லிவிட்டது. அது ஒரு கப்பல் போக்குவரத்து நிறுவனத்தின் ஊழியர்கள் பற்றிய வழக்கு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதற்கு வரையறையே தந்தது. நேர்ந்த இழப்புக்குப் பொருந்தாத தண்டத்தொகை விதிப்பது அவ்வரையறைக்குள் வருகிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இணைய வணிகத்தின் பதின்மூன்று வஞ்சக உத்திகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றுள் ஒன்று ‘சந்தாப் பொறி’. சேர்வதற்கு ஒரு சொடுக்கு, விலகுவதற்கு ஒரு வனவாசம் என்பதுதான் அது.

சட்டம் நம் பக்கம் இருந்தும் பெரும்பாலானோர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஏன் என்பதை எங்கள் மூத்த உறுப்பினரிடம் கண்டோம்.

அவருக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் ஒருவருக்கும் கடன் வைத்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் பெருமை உள்ளவர். பில் வந்த மூன்றாம் வாரம் வசூல் முகவர்கள் பேசத் தொடங்கினார்கள். முதலில் ‘சார்’ என்று வந்த குரல் பிறகு ‘என்னங்க, கட்டப்போறீங்களா இல்லையா’ என்றானது. கடன் மதிப்பெண் கெட்டுவிடும், வங்கியில் நாளை ஒன்றும் வாங்க முடியாது என்றார்கள். அவர் வாழ்நாளில் வங்கியில் கடன் வாங்கப்போவதில்லை. ஆனால் ‘கெட்டுவிடும்’ என்ற சொல் அவரைத் தைத்துவிட்டது. ‘விட்டுத் தொலைங்க தம்பி, ரெண்டாயிரத்துச் சொச்சம்தானே, நானே கட்டிடறேன்’ என்றார். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை எடுப்பதையே நிறுத்தினார். தஞ்சாவூரில் அவருடைய தங்கை படுக்கையில் கிடந்த வாரம் அது. தங்கை மகன் மருத்துவமனையிலிருந்து யாருடைய கைபேசியிலோ அழைத்தது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

இத்தொகைகள் திட்டமிட்டே சிறியவையாக வைக்கப்பட்டிருக்கின்றன என்று நாங்கள் நம்புகிறோம். ஒருவர் வழக்கறிஞரைத் தேடிப் போகாத அளவுக்குச் சிறியது, ஆயிரக்கணக்கானோரிடம் வாங்கினால் பெரியது. பிரிட்டனின் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 2018 நவம்பரில் விர்ஜின் மீடியா நிறுவனத்துக்கு 70 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்தவர்களிடம் கூடுதலாகக் கட்டணம் வாங்கியதே குற்றம். ஏறத்தாழ 82,000 பேரிடம் ஏறத்தாழ 28 லட்சம் பவுண்டு. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 34 பவுண்டு. முப்பத்து நான்கு பவுண்டுக்காக யார் நீதிமன்றம் போவார்?

எனவே ‘பேசாமல் விட்டுவிடுங்கள், அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற அறிவுரையை ஏற்க மறுத்தோம். பேசாமல் இருப்பவர் நிறுவனத்தின் ஏட்டில் ‘பணம் கட்டாதவர்’ என்றுதான் பதிவாவார். எழுதி மறுப்பவரோ ‘தொகையை மறுப்பவர்’. இரண்டுக்கும் நடுவே ஒரு கடிதம் இருக்கிறது. தொலைபேசியில் எவ்வளவு நயமாக வாதிட்டாலும் அது காற்றோடு போகும். எங்கள் கடிதத்தில் தேதிகள் இருந்தன, தொகைகள் இருந்தன, ரௌட்டர் ஒப்புகைச் சீட்டின் நகல் இருந்தது, கோபம் இல்லை. (கோபத்தை முதல் வரைவில் எழுதி, இரண்டாவதில் நீக்கிவிட்டோம். சிறுகதைக்குச் சொல்லும் அதே அறிவுரைதான்.)

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த குறைதீர் விதிமுறைகள் இரண்டு படிகளை வைத்திருக்கின்றன. முதலில் நிறுவனத்தின் புகார் மையம். புகாரைப் பெற்றதும் அவர்கள் ஒரு தனிப் பதிவு எண் தந்தாக வேண்டும். டாக்கெட் எண் என்பார்கள். இந்த எண்ணைப் பெறுவதுதான் பாதிப் போர். ‘நோட் பண்ணிக்கிட்டேன் சார்’ என்பது புகார் ஆகாது. எண் இல்லாத புகார் பிறக்காத குழந்தை. எங்களுக்கு அதைப் பெற நான்கு அழைப்புகள் தேவைப்பட்டன. பதில் நிறைவளிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம், 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாக அமர்வது வேடிக்கைதான். ஆனாலும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம் என்போம். எழுத்துமூலமான பதில் ஒன்றை நிறுவனத்திடமிருந்து பிடுங்க இதைவிட நல்ல வழி இல்லை. தனிநபர் புகார்களை டிராய் தானே விசாரித்துத் தீர்ப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அதற்கு வெளியே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இதற்கும் ஒரு சோக வரலாறு உண்டு. 2009இல் உச்ச நீதிமன்றம், தொலைபேசி பில் தகராறுகளுக்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் நடுவர் முறையை வைத்திருப்பதால் நுகர்வோர் மன்றங்கள் அவற்றில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. தந்தி காலத்துச் சட்டம் இணைய காலத்து வாடிக்கையாளரின் கையைக் கட்டிப்போட்டது. 2022 பிப்ரவரியில்தான் அதே நீதிமன்றம், தந்திச் சட்டம் இருப்பதால் நுகர்வோரின் உரிமை பறிபோகாது என்று தெளிவுபடுத்தியது. ஆனால் இன்றும் சில நிறுவனங்களின் பதில்களில் 2009ஆம் ஆண்டின் தீர்ப்பு எட்டிப்பார்க்கிறது. எங்களுக்கு வந்த இரண்டாம் பதிலிலும் அது இருந்தது. 2022ஆம் ஆண்டின் தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினோம். அடுத்த கடிதத்தில் தொனி மாறியது.

இன்னொரு நுணுக்கம். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று சொல்லி வழக்குப் போட்டால் மாவட்ட ஆணையம் அதை விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சாமானியனுக்காக வகுத்த வரையறையைச் சாமானியனின் வாசலிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் வைத்த விந்தை இது. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காரர் ‘சேவைக் குறைபாடு’, ‘முறையற்ற வணிக நடைமுறை’ என்ற சொற்களைப் பயன்படுத்தித் தம் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுப்பதுதான் நடைமுறைக்கு உகந்தது. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தாம் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கும் முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவைப்பது பல இடங்களில் பலித்திருக்கிறது.

தொனி மாறிய அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘நல்லெண்ண அடிப்படையில், ஒருமுறைச் சலுகையாக’ தொகையில் பாதியைத் தள்ளுபடி செய்வதாக அதில் எழுதியிருந்தார்கள். வட்டத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆசிரியர் ஐயாவின் மன அமைதியைக் கருதிப் பாதியைக் கட்டி முடிப்போம் என்றனர் சிலர். அந்த வாதத்தை இலேசாக ஒதுக்க முடியவில்லை. ஆனால் ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லைப் பாருங்கள். பட்டிராத கடனில் பாதியை மன்னிப்பவர் கருணையாளராகிவிடுகிறார், மன்னிப்பை ஏற்பவர் கடனை ஒப்புக்கொண்டவராகிவிடுகிறார். இறுதியில் முடிவை ஐயாவிடமே விட்டோம். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைக் கேட்டார். ‘சலுகை’ என்ற சொல்லின் கீழே கோடிட்டு, ஓரத்தில் ‘பொருந்தாச் சொல்’ என்று எழுதித் தந்தார். மறுப்புக் கடிதம் அன்று மாலையே போயிற்று. மூன்று வாரம் கழித்து முழுத் தொகையும் நீக்கப்பட்டது. இந்த முறையும் ‘நல்லெண்ண அடிப்படையில்’தான்.

நாம் அரசிடமும் டிராயிடமும் கேட்க வேண்டியது அதிகமில்லை. பிரிட்டனில் கட்டாயக் காலம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களை வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும் 2011 முடிவோடு தடைசெய்தார்கள். 2020 பிப்ரவரியிலிருந்து, காலக்கெடு முடிவதற்குப் பத்து முதல் நாற்பது நாள் முன்பாக வாடிக்கையாளருக்கு அதைத் தெரிவித்தாக வேண்டும் என்று விதித்தார்கள். சந்தாப் பணத்துக்கு நாள் தவறாமல் மூன்று குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த நம் நிறுவனங்களுக்கு ‘உங்கள் கட்டாயக் காலம் இன்றோடு முடிகிறது’ என்ற நான்காவது செய்தி பெரும் சுமையாக இருக்காது. அச்செய்தியும் ஒப்பந்தமும் தமிழில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கூடுதல் கோரிக்கை. விளம்பரத்தைச் சந்தம் பிசகாத தமிழில் எழுதத் தெரிந்தவர்கள், கையெழுத்திட வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் எட்டுப் புள்ளி அளவு ஆங்கிலத்தை நாடுவது மொழிப்பற்று சார்ந்த சிக்கல் மட்டும் அன்று.

வைப்புத்தொகை 1,000 ரூபாய் இன்னும் வந்தபாடில்லை. இணைப்பு முடிந்த பிறகு வைப்புத்தொகையைத் திருப்பித் தர 2006ஆம் ஆண்டின் தரவிதிகள் 60 நாள் கெடு வைத்திருந்தன. 2024ஆம் ஆண்டின் புதிய விதிகள் அதை 45 நாளாகக் குறைத்தன. அக்கெடு எப்போதோ கடந்துவிட்டது. மேல்முறையீட்டு அதிகாரிக்கு அடுத்த கடிதத்தை எழுதிவிட்டோம். இம்முறை டாக்கெட் எண் முதல் அழைப்பிலேயே கிடைத்தது.